முசுறைப் படம் எடுக்க மக்ரோ லென்ஸ் வேண்டுமா?

கேள்வி இதுதான்: திருகோணமலை உப்புவெளியில் வீடு. கையில் கெனன் டிஎஸ்எல்ஆர் கமரா, 18-55, 55-250 மிமீ என்று இரண்டு லென்ஸ். லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையில் பூட்டும் மலிவான எக்ஸ்டென்ஷன் ரியூப் செட் ஒன்றும் வாங்கியாயிற்று. வளவில் உள்ள முசுறு எறும்பையோ தும்பியையோ எடுத்தால் படம் இருட்டாகவும் கலங்கலாகவும் வருகிறது. 100 மிமீ மக்ரோ லென்ஸ் வாங்கினால் சரிவருமா?

இப்போதைக்கு வாங்க வேண்டாம். வாங்கினாலும் இதே இருட்டும் இதே கலங்கலும்தான் வரும். உங்களுக்குக் குறைவது வெளிச்சம். அதைச் சரிசெய்தால் கையில் இருக்கும் 55-250 லென்ஸே, முன்னால் ஒரு சிறு கண்ணாடியைப் பூட்டினால், முசுறின் கூட்டுக்கண்ணில் உள்ள நுண்புள்ளிகள் வரை காட்டும்.

முதலில் ரியூப்பைக் கழற்றி அதன் உள்விளிம்பைப் பாருங்கள். பொன்னிறத்தில் சிறு தொடுகைகள் வரிசையாக இருக்கின்றனவா? மலிவான செட் என்கிறபடியால் இருக்காது என்றே நினைக்கிறேன். அப்படியென்றால் கமராவின் திரையில் அபேச்சர் இடத்தில் எஃப் 00 என்று வந்திருக்கும். அபேச்சர் என்பது லென்ஸின் ஒளித்துவாரம், எஃப் எண் கூடக்கூட அது சிறுக்கும். கெனன் லென்ஸில் அபேச்சர் இதழ்கள் மின்சாரத்தால் இயங்குபவை. தொடுகை அறுந்தால் அவை முழுக்கத் திறந்தபடியே நின்றுவிடும். 18-55 லென்ஸின் 55 மிமீ முனையில் அது எஃப் 5.6. பூச்சியை உண்மை அளவில், படம் பதியும் சென்சரில் விழுத்தும்போது அந்தத் திறப்பில் கூராகத் தெரியும் ஆழம் அரை மில்லிமீற்றர்கூட வராது. பெரிய முசுறு ஒன்றின் தலை அதைவிடத் தடிப்பு. ஒரு தாடை கூராக இருந்து கண் கலங்கியிருந்தால் அது உங்கள் கையின் பிழை அல்ல.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. ரியூப் இல்லாமல் லென்ஸை நேரே பூட்டி, அபேச்சரை எஃப் 11இல் வையுங்கள். லென்ஸ் பூட்டும் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் ஆழம் பார்க்கும் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றுங்கள். இதழ்கள் அந்த எஃப் 11இலேயே நிற்கும். பிறகு ரியூப்பில் பூட்டலாம். வியூஃபைண்டர் இருண்டுவிடும், பின்திரையில் பார்க்கும் லைவ் வியூவில் ஓரளவு சமாளிக்கலாம். எஸ்டிஎம் வகை லென்ஸ் என்றால் மின்சாரம் இல்லாமல் ஃபோகஸ் வளையமும் வேலை செய்யாது. அது பெரிய நட்டமில்லை, இந்த வேலையில் வளையத்தைத் தொடுவதே அரிது.

இருட்டுக்குக் காரணம் வேறு. லென்ஸைச் சென்சரில் இருந்து தள்ளிக்கொண்டு போனால் அதே ஒளி அகன்ற பரப்பில் விரிந்து மெலியும். 1:1 உருப்பெருக்கத்தில், அதாவது பூச்சி உண்மை அளவில் விழும்போது, நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும், 2:1 என்றால், அதாவது இருமடங்கில், ஒன்பதில் ஒன்று. கணக்கு எளிது: எஃப் எண்ணை, ஒன்றுடன் உருப்பெருக்கத்தைக் கூட்டி வருவதால் பெருக்குங்கள். எஃப் 11 என்று வைத்தாலும் 1:1இல் அது எஃப் 22 போலத்தான் நடக்கும். ஒட்டோவில் விட்டால் கமரா ஷட்டரை 1/30க்கு இறக்கி, ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றிவிடும். கை நடுக்கமும் காற்றில் இலை ஆடுவதும் பூச்சியோடு சேர்ந்தே பெருப்பிக்கப்படுவதால் 1/30 இங்கே எதற்கும் உதவாது. மக்ரோ லென்ஸும் இந்த இழப்பில் இருந்து தப்பாது. அதனால்தான் வேண்டாம் என்றேன்.

அபேச்சரை எஃப் 32 வரை மூடி ஆழத்தைக் கூட்டலாமே என்றால், அங்கே பௌதிகப் பாடத்தில் கோணல் என்று படித்த விளைவு வந்து நிற்கும். துவாரம் சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுக்க மென்மையாகிவிடும். உங்கள் அளவுச் சென்சரில், பெருக்கிக் கிடைக்கும் எண் 22க்கும் 32க்கும் இடையில் நின்றால் நல்லது. அதாவது ரியூப்பில் 1:1 என்றால் எஃப் 11, 2:1 என்றால் எஃப் 8. அப்போது கிடைக்கும் ஆழம் முறையே ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு, கால் மில்லிமீற்றர். இதற்கு மேல் ஆழம் வேண்டுமென்றால் வெவ்வேறு இடத்தில் கூராக எடுத்த பல படங்களை அடுக்கி ஒன்றாக்க வேண்டும், அதைப் பின்னால் பார்ப்போம்.

இனி எதை எதில் பூட்டுவது. ரியூப் தரும் உருப்பெருக்கம் என்பது ரியூப்பின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தது. 12, 20, 36 மிமீ மூன்றையும் சேர்த்தால் 68. 50 மிமீ லென்ஸில் அது 1.36 தரும், 250 மிமீயில் 0.27தான். நீண்ட லென்ஸில் ரியூப் போடுவது வீண்வேலை. மறுபக்கம், 18-55ஐ 18 மிமீக்கு இழுத்து 36 மிமீ ரியூப் போட்டால் எதுவுமே ஃபோகஸ் ஆகாது. கூர்மைத் தளம் லென்ஸின் கண்ணாடியை ஒட்டியோ உள்ளேயோ விழுந்துவிடும். நீங்கள் இதையும் செய்துபார்த்து ரியூப் பழுது என்று நினைத்திருக்கக்கூடும்.

உங்கள் பெட்டியில் இருப்பதற்குப் பொருத்தமானது 55-250இன் முன்னால் கவ்விப் பிடிக்கும் குளோஸ்-அப் கண்ணாடி. ரேநொக்ஸ் டிசிஆர்-250 இந்த வேலைக்குப் பெயர் போனது. 8 டயொப்டர் வலு, 52 முதல் 67 மிமீ வரை வாய் உள்ள லென்ஸ்களில் கிளிப் போலப் பூட்டலாம், 55-250இன் வாய் 58. லென்ஸை முடிவிலியில் ஃபோகஸ் வைத்து மனுவலுக்கு மாற்றிவிட்டால், கண்ணாடியில் இருந்து ஏறத்தாழ 12 சென்றிமீற்றரில் பூச்சி கூராகத் தெரியும். சூம் வளையம்தான் இப்போது உருப்பெருக்க வளையம்: 125 மிமீயில் 1:1, 250இல் 2:1. எந்த சூமிலும் அந்த 12 சென்றிமீற்றர் மாறாது. 100க்குக் கீழே இறங்கினால் மூலைகள் கறுக்கத் தொடங்கும்.

ரேநொக்ஸ் போட்டவர்கள் பலர் தவறவிடும் ஒரு விஷயம்: இதில் லென்ஸ் சென்சரில் இருந்து தள்ளிப் போகவில்லை. ஆகவே மேலே சொன்ன பெருக்கல் இங்கே இல்லை. எஃப் 11 எஃப் 11ஆகவே நிற்கும், ஆழமும் அதற்கேற்ப மெலிந்திருக்கும். 1:1இல் எஃப் 16, 2:1இல் எஃப் 16 முதல் 22 வரை மூடலாம். ரியூப்பில் பழகிய எண்ணையே இதிலும் வைத்துவிட்டு ஆழம் இல்லை என்று முறையிடுபவர்கள் நிறையப்பேர்.

லென்ஸைத் தலைகீழாகப் பூட்டும் ரிங்கும் உண்டு. 18-55ஐ 58 மிமீ ரிங்கில் திருப்பிப் போட்டால் 18 மிமீ பக்கம் 2:1ஐத் தாண்டும், செலவும் மிகக் குறைவு. ஆனால் பூச்சிக்கு 4 சென்றிமீற்றர் கிட்டப் போக வேண்டும், அபேச்சருக்கு அதே ஆழப்பொத்தான் தந்திரம், பின்பக்கக் கண்ணாடி உப்புக்காற்றுக்கு வெளியே. குழியானைக்குச் சரி, தும்பிக்குச் சரிவராது.

இப்போது வெளிச்சம். தனியாகப் பூட்டும் சிறிய பிளாஷ் ஒன்று, மனுவலில் வலுவை 1/64 வரை இறக்கக் கூடியது, போதும். கொடொக்ஸ் டிடி350 போன்ற சிறியது கைக்கு இலேசு. பிளாஷ் பளிச்சிடும் நேரம் அதன் வலுவைப் பொறுத்தது. முழு வலுவில் சில நூறில் ஒரு செக்கன் எடுக்கும், 1/32இல் கிட்டத்தட்ட 1/10000 செக்கனுக்குச் சுருங்கிவிடும். படத்தை உறைய வைப்பது ஷட்டர் அல்ல, இந்தச் சுருங்கிய மின்னல்தான். அதனால் முழு வலுவில் அடிப்பதற்குப் பதிலாக, பிளாஷைப் பூச்சிக்குக் கிட்டக் கொண்டுவந்து குறைந்த வலுவில் அடிப்பதே நோக்கம்.

தொடக்க அமைப்பு: கமரா முழு மனுவல், ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200, ரேநொக்ஸ் என்றால் எஃப் 16, பிளாஷ் 1/16. முதலில் பிளாஷை அணைத்து ஒரு படம் எடுங்கள். அது கிட்டத்தட்ட முழுக் கறுப்பாக வர வேண்டும். ஓரளவு உருவம் தெரிந்தால் ஐஎஸ்ஓவை 100க்கு இறக்குங்கள், நேர் வெயிலில் அதுவும் போதாது, நிழலுக்கு மாறுங்கள். இல்லாவிட்டால் பகல் வெளிச்சம் ஒரு மங்கலான உருவத்தையும் பிளாஷ் ஒரு கூரான உருவத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, ஒவ்வொரு மயிருக்கும் ஒரு நிழல் வரும். பிறகு பிளாஷைப் போட்டு, வலுவை மட்டும் கூட்டிக் குறையுங்கள். ஷட்டர் 1/200ஐத் தாண்டினால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டையாக வெட்டுப்படும். பின்னாளில் மிரர்லெஸ் கமராவுக்கு மாறினால் படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்று திரையில் முன்கூட்டியே காட்டும் எக்ஸ்போஷர் சிமுலேஷனை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். இலத்திரனியல் ஷட்டரில் பெரும்பாலான கமராக்களில் பிளாஷ் எரியாது.

பிளாஷை வெறுமனே அடித்தால் வண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டு ஒன்று சுட்டதுபோல் விழும். பூச்சியின் ஓடு கண்ணாடி மாதிரி, எதிரே இருக்கும் விளக்கின் உருவத்தையே காட்டும். விளக்கு பெரிதாகத் தெரிந்தால் பொட்டும் பெரிதாகி, மென்மையாகி, ஓட்டின் நிறம் வெளியே வரும். எனவே ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் என்பது துணைப்பொருள் அல்ல. இந்தக் கலையில் பாதி அதுதான், அதை எந்தக் கடையிலும் வாங்கத் தேவையில்லை.

செய்முறை இப்படி. கார்ட்போர்ட்டில் ஒரு புனல் வெட்டுங்கள்: ஒரு வாய் பிளாஷின் தலை நுழையும் அளவு, மறுவாய் 18 சென்றிமீற்றர் அகலம், 14 உயரம், நீளம் பிளாஷில் இருந்து லென்ஸின் நுனிக்குச் சற்று முன்வரை. 55-250 சூம் செய்தால் முன்னுக்கு நீளும், ஆகவே 200இல் வைத்து அளவெடுங்கள். பெரும்பாலும் 20 முதல் 24 சென்றிமீற்றர் வரும். உட்பக்கம் முழுக்க அலுமினியத் தாளை மங்கலான பக்கம் தெரிய ஒட்டுங்கள். பிளாஷில் இருந்து 6 சென்றிமீற்றரில் குறுக்கே ஒரு ட்ரேசிங் பேப்பர். அது முதல் வடிகட்டி, நடுவில் விழும் கடும் வெளிச்சப் புள்ளியை உடைக்கும். முன்வாய்க்கு, டீவி, பிரிட்ஜ் பெட்டிகளுக்குள் சுற்றி வரும் ஒரு மில்லிமீற்றர் தடிப்பான வெள்ளை நுரைத்தாள். அதை நேராக இறுக்கி ஒட்டாமல், பூச்சியைச் சூழும்படி உட்புறமாக வளைத்து, கீழ் விளிம்பு லென்ஸின் நுனியைத் தொட வையுங்கள். ரெஜிபோம் கட்டி வேண்டாம், அது தடிப்பு, ஒளியைத் தின்றுவிடும். இரண்டு வடிகட்டிக்கும் சேர்த்து ஏறத்தாழ இரண்டு நிலை, அதாவது நாலில் மூன்று பங்கு, வெளிச்சம் போகும், அதற்குத்தான் 1/16இல் தொடங்கச் சொன்னது.

எங்கள் ஈரக்காற்றில் கார்ட்போர்ட் ஒரு மாரியைத் தாங்காது. வடிவம் சரிவந்த பிறகு விளம்பரப் பலகைகளுக்குப் பயன்படும் நெளிவுப் பிளாஸ்ரிக் தகட்டில் அதையே வெட்டிக் கொள்ளுங்கள். வெளிப்பக்கம் வெள்ளையாக இருந்தால் பூச்சி மிரளும், மங்கல் பச்சையோ கறுப்போ நல்லது. நுரைத்தாள் பழசானால் மஞ்சளாகும், படமும் மஞ்சளடிக்கும். அப்போது வெள்ளைக் கடதாசி ஒன்றை எடுத்து வைட் பலன்ஸைப் புதிதாகப் பதியுங்கள்.

பின்னணி கறுப்பாக வருகிறது என்பது அடுத்த முறைப்பாடாக இருக்கும். டிஃப்யூசர் பூச்சிக்கு 5 சென்றிமீற்றரில், பின்னால் உள்ள வேலி 50இல் என்றால் வேலிக்குக் கிடைப்பது நூறில் ஒரு பங்கு ஒளி. இரவில் எடுத்த மாதிரித்தான் இருக்கும். பூச்சிக்குப் பின்னால் நாலைந்து சென்றிமீற்றரில் ஒரு பூவரசம் இலையைப் பிடித்தால் பச்சை வந்துவிடும். வானம் பின்னணி என்றால் ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றி, பிளாஷை அதற்கேற்பக் குறைத்தால் நீலம் கொஞ்சம் ஏறும்.

எடுக்கும் முறையில் ஒரேயொரு பழக்கத்தை மாற்றினாலே நல்ல படங்களின் எண்ணிக்கை மாறும். ஒட்டோஃபோகஸை மறந்துவிடுங்கள். உருப்பெருக்கத்தை முதலே தீர்மானித்து வையுங்கள். பிறகு உடம்பை முன்னும் பின்னும் அசைத்து, பூச்சியின் கிட்டிய கண்ணில் கூர்மை விழும் கணத்தில் அமுக்குங்கள். இடது கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பூச்சி இருக்கும் தண்டைப் பிடித்து, அதே கையின் முதுகிலோ மணிக்கட்டிலோ லென்ஸைத் தாங்குங்கள். இப்போது காற்றடித்தால் பூச்சியும் கமராவும் சேர்ந்தே ஆடும், இடைவெளி மாறாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் வெளியில் வேலை செய்ய இதைத் தவிர வழியில்லை. தண்டைத் தொட்டால் பறக்கும் பூச்சி என்றால், தண்டின் அடியில் உடுப்புக் கிளிப் ஒன்றை மூங்கில் குச்சியில் கட்டி ஊன்றிப் பிடிக்கலாம். முக்காலி வேண்டாம். அதை விரித்து முடிப்பதற்குள் பூச்சி அடுத்த வளவில் இருக்கும்.

உடலின் நீளவாட்டமும் சென்சரும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கட்டும். கையிலிருக்கும் அரை மில்லிமீற்றரை முழு உடலிலும் பரப்ப அதைவிட நல்ல வழி கிடையாது. மேலிருந்து குனிந்து எடுத்தால் முதுகு மட்டும் தெரியும். முழங்காலில் இருந்து அதன் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். நிழல் பூச்சியின்மேல் குறுக்கே விழாத பக்கமாகக் கிட்டப் போங்கள். நேர்கோட்டில் மெதுவாக வந்தால் பொறுக்கும், பக்கவாட்டு அசைவைப் பொறுக்காது. தும்பி எழும்பிப் போனால் துரத்த வேண்டாம். பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும், வருவதற்குள் இரண்டு அடி முன்னேறி அசையாமல் நில்லுங்கள்.

முசுறு இருக்கும் இடத்தில் நிற்கவே நிற்காது, தொடக்கத்திலேயே அதைத் தெரிவு செய்ததுதான் உங்கள் சங்கடம். தீக்குச்சித் தலையளவு சீனித்தண்ணீரை அவை போய்வரும் கொப்பில் வையுங்கள். குடிக்கும்போது பத்துப் பதினைந்து செக்கன் தலை அசையாது. உங்கள் சட்டையோ கமரா வாரோ கொப்பில் படக்கூடாது. பட்டால் அவை அதில் ஏறி வரும், கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சும். அந்த வரிசையில் ஒன்று மட்டும் தனியாக, தயங்கித் தயங்கி நடந்தால் கால்களை எண்ணிப் பாருங்கள். முன்கால் இரண்டையும் உணர்கொம்புபோல் தூக்கிப் பிடித்து, முசுறு வேடம் போட்டுத் திரியும் குதிக்கும் சிலந்தி ஒன்று உண்டு. சிலந்தி பூச்சியல்ல என்று சண்டை பிடிப்பவர்கள் பிடிக்கட்டும், முசுறுக்காரர்களுக்கு அதைவிட நல்ல பரிசு கிடைக்காது. தட்டினால் நூலில் தொங்கும், எறும்பு அப்படிச் செய்யாது.

பழகுவதற்கு முதலில் யன்னலடியில் செத்துக் கிடக்கும் இலையான் ஒன்று போதும். அடுத்து குழியானை: கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே மழை படாத மணலில் புனல்போல் குழி இருக்கும், அடியில் இரண்டு தாடைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். மணிக்கணக்கில் அசையாது. மணல் வெளிறியது என்பதால் பிளாஷை 1/32க்கு இறக்குங்கள். அடுத்து கறிவேப்பிலை, எலுமிச்சை மரம். கொழுந்து இலைகளில் குருவி எச்சம் மாதிரிக் கிடப்பது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. வளர்ந்த பின் பச்சையாகி, தொட்டால் தலைக்குப் பின்னால் இருந்து கவட்டைபோல் ஒரு உறுப்பை நீட்டி நாற்றம் அடிக்கும். வளர்ந்த புழு 1:1 சட்டத்துக்குள் அடங்காது, அந்தச் சட்டம் உங்கள் சென்சரில் 22 மிமீ அகலம்தான். ரேநொக்ஸைக் கழற்றிவிட்டு 55-250ஐ மட்டும் வைத்தே எடுக்கலாம்.

எங்கே, எப்போது? வெயில் ஏறினால் பூச்சியின் உடம்பும் சூடேறும், ஓட்டமும் கூடும். விடிந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள், அதாவது ஏழரைக்கு முன், வேலையை முடிக்கப் பாருங்கள். பத்து மணிக்குப் பின் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். மாலை மங்கும்போது மெல்லிய காய்ந்த தண்டுகளைப் பாருங்கள்: நீலப்பட்டைத் தேனீயின் ஆண்கள் தாடையால் தண்டைக் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கும். ஒரு முறை கண்ட தண்டை நினைவில் வைத்திருங்கள், பல நாட்களுக்கு அதே இடத்துக்கு வரும்.

நிலாவெளி வீதியோர எருக்கலைப் பற்றைகள் தனி உலகம். பூவில் கருவண்டு, தண்டில் மஞ்சள் அசுவினி, இலையின் கீழே கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களும் மூன்று சோடிக் கறுப்புக் கொம்புகளுமாக வெந்தய வண்ணத்துப்பூச்சியின் புழு. இலையை ஒடிக்காதீர்கள். எருக்கலம்பால் கையில் பட்டு, அந்தக் கை கண்ணுக்குப் போனால் கண்ணுக்கே கேடு. வியூஃபைண்டரில் கண் வைக்கும் வேலை இது என்பதை மறக்க வேண்டாம்.

மாரி முடிந்து தை, மாசியில் ஊரே பச்சையாக இருக்கும், அதுதான் எங்கள் பருவம். ஆனி முதல் புரட்டாதி வரை காய்ந்துபோனால் பூச்சிகள் தண்ணீரைத் தேடும். கிணற்றடி, தம்பலகாமத்து வாய்க்கால் வரம்புகள், கந்தளாய்க் குளக்கரை ஆகியவற்றில் தும்பியும் ஊசித்தும்பியும் கிடைக்கும். வரம்பில் வெறுங்காலில் நிற்காதீர்கள், எலிக்காய்ச்சல் காயத்தின் வழியாக ஏறக்கூடும். கந்தளாய்ப் பக்கம் விடியலும் மாலையும் யானை நடமாடும் நேரம், தனியே பற்றைக்குள் குந்தியிருக்க வேண்டாம். கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகளுக்குச் சனம் வருமுன் ஓரப் பற்றைகளைப் பார்க்கலாம். புறாத்தீவுக்குப் பூச்சிக்காகப் போவது வீண், படகில் உப்புச்சாரல்தான் மிச்சம், அது பவளப்பாறைக்கான இடம். பிரட்றிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, கடற்படைத் தளமும் சீனக்குடா விமானப்படைத் தளமும் அப்படியே. பெரிய டிஃப்யூசர் பூட்டிய கமராவுடன் அந்த ஓரங்களில் பற்றைக்குள் குந்தியிருந்தால் எறும்பு எடுக்கிறேன் என்ற விளக்கம் எடுபடாது.

பூச்சியைப் பிடித்துப் போத்தலில் அடைக்க வேண்டாம். சட்டம் பாதுகாக்கும் இனங்களை அனுமதி இல்லாமல் பிடிப்பது இந்த நாட்டில் குற்றம். யால வனத்தில் பூச்சி பிடித்த இரண்டு வெளிநாட்டவருக்கு 2024இல் 6 கோடி ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. பிரிட்ஜில் வைத்துக் குளிராக்கி எடுப்பதும் ஒரு பழக்கம். கால்கள் முடங்கிய அந்தப் படத்தைப் பார்த்தவுடனேயே தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும்.

படங்களை அடுக்குவது தூங்கும் பூச்சிக்கும் குழியானைக்கும் பொருந்தும். கமராவைத் தொடர் படப்பிடிப்பில் வைத்து, கிட்டிய உணர்கொம்பில் தொடங்கி, மூச்சை மெல்ல விட்டபடி மிகச் சிறிதாக முன்னே சாயுங்கள். 8 முதல் 15 படங்கள் போதும். பிளாஷ் 1/32இலோ அதற்குக் கீழோ இருந்தால்தான் ஒவ்வொரு படத்துக்கும் மீண்டும் நிரம்பும், நடுவில் ஒன்று கறுத்தால் அந்த இடத்தில் கலங்கல் பட்டை விழும். ஒவ்வொரு படத்தின் கூர்த்தளமும் முந்தியதில் மூன்றில் ஒரு பங்கைத் தழுவ வேண்டும். கணினியில் அடுக்குவதற்கு செரீன் ஸ்டாக்கர் அல்லது ஹெலிகொன் ஃபோகஸ் மென்பொருள், இரண்டுக்கும் 30 நாள் இலவசச் சோதனை உண்டு. செரீனில் பிமக்ஸ் முறை ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் மயிர்களை நன்றாகப் பிரிக்கும், ஆனால் படத்தில் புள்ளிபுள்ளியாக விழும் இரைச்சலைக் கூட்டும். டிமப் முறை நிறத்தைச் சுத்தமாகத் தரும், விளிம்பில் ஒளிவட்டம் விடும். உணர்கொம்பு இரண்டாகத் தெரிந்தால் நடுவில் பூச்சி அசைந்திருக்கிறது. அந்தப் படங்களை நீக்கி, உணர்கொம்பை மட்டும் ஒரு தனிப்படத்தில் இருந்து தீட்டி எடுங்கள்.

கைத்தொலைபேசி மட்டும் இருப்பவர்களுக்கு ஒரு வரி: 10 மடங்கு கிளிப் லென்ஸைப் பிரதான கமராவின்மேல் பூட்டி, 80 கிராம் யோகட் கப்பின் அடியில் ஓட்டை போட்டு, உயரத்தை 2.5 சென்றிமீற்றராக வெட்டி லென்ஸைச் சுற்றி மாட்டினால் வெயிலே மென்மையான டிஃப்யூசர் வெளிச்சமாகிவிடும். கப்பின் விளிம்பு இலையைத் தொடும் இடத்தில்தான் கூர்மை, எனவே கை ஆடினாலும் கவலையில்லை.

கடற்கரையில் இருந்து வந்தவுடன் கமராவை நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். உலர்ந்த துணியை முதலே போட்டால் உப்புத்தூள் கண்ணாடியைக் கீறும். ஏசி அறையில் இருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸின் உள்ளே வேர்க்கும். அரை மணித்தியாலம் பையை மூடியபடியே வெளியில் வைத்திருந்து பிறகு திறவுங்கள். இறுக மூடும் சாப்பாட்டுப் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு ஈரப்பதம் 40க்கும் 50க்கும் இடையில் இருக்குமாறு பார்த்தால் பூஞ்சணம் பிடிக்காது. ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள், ஜெல் தோற்றுப்போனதை அதுதான் சொல்லும்.

மக்ரோ லென்ஸ் வாங்கும் நாள் ஒன்றும் வரும். முழு வண்ணத்துப்பூச்சியை எடுத்துவிட்டு அதன் கண்ணுக்குப் போக ரேநொக்ஸைக் கழற்றிப் பூட்டும் அந்தப் பத்துச் செக்கனில் பூச்சி பறந்துபோவது உங்களுக்கு எரிச்சலூட்டத் தொடங்கினால், 90க்கும் 105க்கும் இடையில் ஏதாவது ஒன்றை வாங்குங்கள். பழைய டிஃப்யூசரின் நீளத்தை மட்டும் வெட்டிச் சரிசெய்தால் போதும்.